அருங்காட்சியகத்தில் இலவச நிகழ்ச்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் நிகழ்ச்சி மேசையில் பல வருஷமாகத் தன்னார்வலராக உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வது, எந்த அறை என்று காட்டுவது, நாற்காலி போதாவிட்டால் பக்கத்து அறையிலிருந்து தூக்கி வருவது, இதுதான் வேலை. மேசைக்கு வந்து கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். வாசல் வரைக்கும் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தயங்கித் திரும்பிப் போய்விடுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அவர்கள் மனதில் என்ன கேள்வி இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்தே பாதிக் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நடைமுறை ஊருக்கு ஊர் மாறும். அடிப்படை எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இலவச நிகழ்ச்சி என்றால் அங்கே என்னதான் நடக்கும்?

காட்சிக்கூடங்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி நடை, சொற்பொழிவு, குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம், களிமண், அச்சு, நெசவு, காகிதம் என்று கையால் செய்து பழகும் பட்டறைகள், இசை, நடனம், நாடகம், ஆவணப்படத் திரையிடல், வீட்டுப் பழம்பொருளைக் கொண்டுவந்து காட்டி விவரம் கேட்கும் நாள், காட்சிப்பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் அமர்வு. இவை பெரும்பாலான இடங்களில் உண்டு. சில இடங்களில் சேமிப்பறையையும் வருஷத்துக்கு ஓரிரு முறை திறந்து காட்டுவார்கள்.

சேமிப்பறை நாள் என்று ஓர் அறிவிப்பைப் பார்த்தால் மற்ற வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் போங்கள். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 80 லட்சம் பொருள்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் பார்வைக்கு வைக்கப்படுவது சுமார் 80,000 மட்டும். நூற்றில் ஒன்று. சிறிய அருங்காட்சியகங்களில் இந்தக் கணக்கு வேறாக இருக்கும், ஆனால் பெரும்பகுதி உள்ளே இருப்பது அங்கேயும் வழக்கம்தான்.

நான் முதல் தடவை உள்ளே போனபோது காப்பாட்சியர் ஓர் இழுப்பறையை மெதுவாக இழுத்தார். உள்ளே அமிலம் இல்லாத வெள்ளைக் காகிதம், அதன்மேல் வரிசையாகச் சட்டைப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் மெல்லிய நூலில் கட்டிய ஒரு சீட்டு, சீட்டில் மூன்று எண்கள், நடுவில் புள்ளி. முதல் எண் பொருள் வந்த வருஷம். இரண்டாவது, அந்த வருஷத்தில் அது எத்தனையாவது வரவு என்பது. மூன்றாவது, அந்த வரவில் அது எத்தனையாவது பொருள் என்பது. யாரோ ஒருவர் ஒரு டப்பா பொத்தான்களைக் கொண்டுவந்து கொடுத்த அந்த ஒரு நாள், அந்த மூன்று எண்களில் அப்படியே இருக்கிறது. உலகத்தில் பல அருங்காட்சியகங்கள் இதே முறையில்தான் எண் போடுகின்றன. இது தெரிந்த பிறகு காட்சிப்பொருளுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன எண்ணைப் படிக்காமல் என்னால் நகர முடிவதில்லை.

உண்மையிலேயே இலவசமா? கடைசியில் ஏதாவது கேட்பார்களா?

அறிவிப்பில் எது இலவசம் என்று எழுதியிருக்கிறது, அதைக் கவனியுங்கள். நுழைவு, நிகழ்ச்சி, சிறப்புக் கண்காட்சி மூன்றும் வேறு வேறு. நிகழ்ச்சி இலவசமாக இருந்து நுழைவுச் சீட்டு வாங்க வேண்டியிருக்கலாம். நுழைவு இலவசமாக இருந்து சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் கட்டணம் இருக்கலாம். வெளியிலிருந்து இரவலாக வரும் பொருள்களுக்குக் காப்பீடு, போக்குவரத்து, காவல் என்று செலவு அதிகம், அதனால்தான் அந்தக் கட்டணம். வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும். போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. போடாதவரை யாரும் தனியாகப் பார்ப்பதும் இல்லை.

செலவை யார் ஏற்கிறார்கள் என்றும் கேட்பார்கள். அரசு மானியம், உள்ளாட்சி நிதி, அறக்கட்டளைகள், உறுப்பினர் சந்தா, நன்கொடை எல்லாம் கலந்து வரும். பொதுப்பணத்தில் நடக்கும் அருங்காட்சியகம் என்றால் வரி கட்டும் எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது. தானமாக எதையோ வாங்கிக்கொள்கிறோம் என்ற கூச்சமே வேண்டாம்.

இந்த யோசனை இன்று நேற்று வந்ததும் இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759 ஜனவரி 15 அன்று திறந்தபோதே கட்டணம் கிடையாது. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்து, சீட்டுக்காகக் காத்திருந்து, சின்னக் குழுவாக அவசர அவசரமாகச் சுற்றி வர வேண்டும். பணம் கேட்கவில்லை, ஆனால் அலைந்து திரிந்து சீட்டு வாங்க வேலைக்குப் போகிறவரால் முடியுமா? அதே நகரத்தில் 1857-ல் ஹென்றி கோல் தலைமையில் திறந்த தெற்கு கென்சிங்டன் அருங்காட்சியகம் இதைப் புரிந்துகொண்டது. இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதுதான். எரிவாயு விளக்கு போட்டு, வாரத்தில் சில நாட்கள் மாலையிலும் திறந்து வைத்தார்கள். பகலெல்லாம் உழைக்கிறவர் எப்போது வருவார் என்று யோசித்து எடுத்த முடிவு அது. இன்றும் ஓர் அருங்காட்சியகம் மக்களை உண்மையாகவே அழைக்கிறதா என்று பார்க்க, நான் கட்டணத்தைவிட நிகழ்ச்சி நேரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். எல்லாமே வேலை நாள் காலை பதினொரு மணிக்கு என்றால், நேரத்தை மாற்றச் சொல்லி அங்கே கேட்க வேண்டியது இருக்கிறது.

வருஷத்தில் எப்போது அதிகமாக நடக்கும்?

மே மாதம். மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள். பன்னாட்டு அருங்காட்சியகங்கள் மன்றம் 1977-ல் தொடங்கியது. 1992-லிருந்து ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் வைத்துக் கொண்டாடுகிறார்கள். உலகெங்கும் பல அருங்காட்சியகங்கள் அன்றோ அந்த வாரத்திலோ நுழைவை இலவசமாக்கிவிடும். அதற்கு ஒரு மாதம் முன்னால், ஏப்ரல் 18-ல் நினைவுச்சின்னங்கள், மரபிடங்களுக்கான நாள் வரும். இதை 1983-ல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. அன்று நடைபயணங்களும் பேச்சுகளும் நிறைய.

ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கு இன்னும் வாய்ப்பு உண்டு. 2005-லிருந்து மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு அருங்காட்சியக இரவாக நடக்கிறது. 1984-ல் பிரான்சில் தொடங்கிய மரபு நாட்கள் இப்போது பல நாடுகளில் பெரும்பாலும் செப்டம்பரில் வருகின்றன. மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும் கட்டிடங்களைக்கூட அப்போது திறப்பார்கள். இத்தாலியில் 2014-லிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் இலவசம். பெர்லினில் 1997-ல் தொடங்கிய அருங்காட்சியகங்களின் நீண்ட இரவு புகழ்பெற்றது. ஆனால் அதற்குச் சீட்டு வாங்க வேண்டும், பெயரைப் பார்த்து இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தப் பெரிய நாட்களில் கூட்டம் நெரியும். திருவிழா மாதிரி இருக்கும், அது ஒரு சந்தோஷம். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் சாதாரண மாதாந்திர இலவச நாளில் போங்கள், அதுவும் திறந்த முதல் மணி நேரத்தில்.

தகவல் எங்கே கிடைக்கும்? எனக்கு எப்போதும் முடிந்த பிறகுதான் தெரிகிறது.

இது பெரும்பாலும் அருங்காட்சியகத்தின் தவறு. உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நிகழ்ச்சி நடத்தக் கொஞ்சம் பணம் இருக்கும், அறிவிக்க ஒன்றும் மிஞ்சாது. மின்னஞ்சல் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள், சமூக ஊடகத்தைவிட அது நம்பகம். இணையதளம் பழையதாகக் கிடந்தால் தயங்காமல் தொலைபேசியில் கூப்பிட்டு, “அடுத்த மாதம் பொது நிகழ்ச்சி ஏதாவது இருக்கிறதா?” என்று கேளுங்கள். பக்கத்து நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒரு கண் வையுங்கள். சில ஊர் நூலகங்கள் அருங்காட்சியக அனுமதி அட்டைகளையே புத்தகம் மாதிரி இரவல் தருகின்றன.

இலவசம்தானே, எதற்கு முன்பதிவு?

பொருளைத் தொட்டுப் பார்க்கும் அமர்வில் ஒரு மேசைக்குப் பத்துப் பேருக்கு மேல் சமாளிக்க முடியாது. பட்டறையில் ஆளுக்கு ஒரு கருவி வேண்டும். சேமிப்பறைக்குள் கூட்டம் போனால் அந்த அறையின் ஈரப்பதமே மாறும். அதனால்தான்.

பதிவு செய்துவிட்டு வர முடியாவிட்டால் ஒரு வரி எழுதிச் சொல்லிவிடுங்கள். ஒரு மழை நாள் எனக்கு மறக்காது. இருபது இடமும் நிரம்பிவிட்டது என்று சொல்லி, ஒரு அம்மாவையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் திருப்பி அனுப்பினேன். நிகழ்ச்சி தொடங்கியபோது உள்ளே பதினோரு பேர்தான் இருந்தார்கள். ஓடிப்போய் வெளியே பார்த்தேன், அவர்கள் போய்விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து இடம் இல்லை என்று யாரையும் உடனே அனுப்புவதில்லை, பத்து நிமிஷம் இருந்து பாருங்கள் என்கிறேன். நீங்களும் பதிவு கிடைக்கவில்லை என்றால் நேரில் போய்ப் பாருங்கள். பல தடவை இடம் இருக்கும்.

எனக்கு வரலாறும் தெரியாது, கலையும் தெரியாது. அங்கே போய் நான் என்ன செய்ய?

வாசலில் திரும்பிப் போகிறவர்களின் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொது நிகழ்ச்சிகள் தெரியாதவர்களுக்காகவே நடத்தப்படுகின்றன. தெரிந்தவர்களுக்குக் கருத்தரங்கு தனியாக இருக்கிறது. நீங்கள் ஒன்றும் படித்துவிட்டு வர வேண்டாம். உங்கள் கேள்வி சின்னதாக இருக்கிறதே என்று விழுங்கிவிடவும் வேண்டாம். “இதை எப்படிப் பிடிப்பார்கள்?”, “இது ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது?” போன்ற கேள்விகளில்தான் வழிகாட்டிக்கு உற்சாகம் வரும். வலது கையால் பயன்படுத்திய ஆளா, இடது கையா, எத்தனை காலம் உழைத்த கருவி என்று அந்தத் தேய்மானத்திலிருந்தே பேச்சு கிளம்பிவிடும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. ஒரு படைப்பின் முன்னால் மக்கள் நின்ற நேரத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் வந்தது 17 விநாடிதான். அதற்குள் விளக்கப் பலகையையும் படித்திருப்பார்கள். நான் சொல்வது இது: ஒரு தடவைக்கு மூன்றே பொருள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஐந்து நிமிஷம். முதலில் பலகையைப் படிக்காதீர்கள். என்ன பொருளால் செய்தது, எங்கே உடைந்து ஒட்டியிருக்கிறது, பின்பக்கம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். அப்புறம் படியுங்கள். பலகையில் இல்லாத ஒன்றை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். இலவச நாளின் பெரிய வசதியே இதுதான், கொடுத்த காசுக்கு எல்லா அறையையும் ஓடி முடிக்க வேண்டிய அவசரம் இல்லை. மீதியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

உடை? உங்களுக்கு வசதியானது. நடக்க ஏற்ற செருப்பு முக்கியம். கற்தளம் கால்களைச் சீக்கிரம் சோர வைத்துவிடும்.

சின்னக் குழந்தைகளை அழைத்து வரலாமா? சத்தம் போடுவார்களே.

தாராளமாக அழைத்து வாருங்கள். குடும்ப நாள் என்று போட்டிருந்தால் சத்தம் எதிர்பார்த்ததுதான். நாற்பது நிமிஷத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள், பிள்ளை இன்னும் இருக்கலாம் என்று சொல்லும்போதே கிளம்புங்கள், மறுபடி வர ஆசை இருக்கும். ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து, பிடித்த ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், பல காட்சிக்கூடங்களில் மைப்பேனாவுக்கு அனுமதி இல்லை. தின்பண்டத்தை வெளியிலேயே முடித்துவிடுங்கள். உதிரும் துணுக்குக்கு எறும்பும் பூச்சியும் வரும், அதே பூச்சி துணியையும் மரத்தையும் தேடிப் போகும்.

வீட்டில் முதியவர் இருக்கிறார். மறதி நோய், பார்வைக் குறைவு, சக்கர நாற்காலி இவற்றோடு வர முடியுமா?

முடியும். முதல் நாள் தொலைபேசியில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. சாய்தளம் எந்த வாசலில், மின்தூக்கி வேலை செய்கிறதா, இடையில் உட்கார இடம் உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். பல இடங்களில் உதவியாளராக வருகிறவருக்கும் கட்டணம் கிடையாது. சத்தமும் வெளிச்சமும் தாங்காதவர்களுக்காக, பொதுமக்கள் வருவதற்கு முன்னால் அமைதி நேரம் ஒதுக்கும் அருங்காட்சியகங்களும் இருக்கின்றன.

மறதி நோய் உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் சேர்ந்து வந்து ஓவியங்களைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சியை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2006-ல் தொடங்கியது. ஞாபகத்தைச் சோதிக்கும் கேள்வி எதுவும் அதில் இல்லை. கண்முன் இருக்கும் படத்தைப் பற்றித்தான் பேச்சு. பல நாடுகளில் இப்போது இந்த மாதிரி நடக்கிறது. கனடாவில் மாண்ட்ரியல் நுண்கலை அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 2018-ல் மருத்துவர்கள், மருந்துச் சீட்டிலேயே அருங்காட்சியக வருகையை எழுதித் தரத் தொடங்கினார்கள். சீட்டோடு போனால் நோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் நுழைவு இலவசம் என்பது அந்த ஏற்பாடு.

பார்வை இல்லாதவர்களுக்கான தொடு அமர்வு ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மேசையில் மெத்தை விரித்து ஒரு பழைய மண்பானையை வைத்திருந்தோம். அதன் வடிவம், அளவு, காலம் எல்லாம் பதிவேட்டில் இருந்தன. வந்திருந்த ஓர் அம்மா மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கையை உள்ளே விட்டு மெதுவாகத் தடவினார். கழுத்துக்குக் கீழே, உள்பக்கம், நான்கு பள்ளங்கள் வரிசையாக இருப்பதாகச் சொன்னார். பானை ஈரமாக இருந்தபோது செய்தவர் உள்ளேயிருந்து விரலை அழுத்திப் பிடித்த இடம். அந்த அம்மாவின் விரல்கள் அதில் சரியாகப் பொருந்தின. “சின்னக் கைதான்” என்றார். வெளியிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகிய எங்கள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. காப்பாட்சியர் அன்று மாலையே பதிவேட்டில் ஒரு வரி சேர்த்தார். பார்வையாளர் வந்து வாங்கிக்கொண்டு மட்டும் போகிறவர் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், அதன்பிறகு அப்படி நினைப்பதில்லை.

எதையும் தொடாதீர்கள் என்கிறார்கள், விளக்கையும் மங்கலாக வைக்கிறார்கள். எதற்கு இவ்வளவு கெடுபிடி?

விரலில் உப்பும் எண்ணெயும் இருக்கின்றன. உலோகத்தில் பட்டால் அந்த இடம் மெல்ல அரிக்கத் தொடங்கும், சில மாதத்தில் ரேகை அப்படியே கறுப்பாகப் பதிந்துவிடும். ஒருவர் தொட்டால் ஒன்றுமில்லை என்றே தோன்றும். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான பேர் வருகிறார்கள்.

வெளிச்சம் இன்னும் கொடியது. துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் போகவிட மாட்டார்கள். ஒளியால் வரும் கெடுதல் சேர்ந்துகொண்டே போகும். பிறகு எத்தனை வருஷம் இருட்டில் வைத்தாலும் போன நிறம் போனதுதான். உள்ளே நுழைந்ததும் இருட்டாகத் தெரிந்தால் ஐந்து நிமிஷம் பொறுங்கள், கண் பழகிவிடும். போட்டோ எடுக்க நிறைய இடங்களில் அனுமதி உண்டு, ஃபிளாஷும் முக்காலியும் கூடாது. நிகழ்ச்சியில் மற்றவர்களின் குழந்தைகள் படத்தில் வருகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரைக் கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை.

பழம்பொருள் காட்டும் நாளுக்கு வீட்டில் உள்ள எதைக் கொண்டுவரலாம்? விலை சொல்வார்களா?

விலை சொல்ல மாட்டார்கள். விற்பனை விவகாரத்தில் அருங்காட்சியகம் தலையிடக் கூடாது என்பது தொழில் நெறி. என்ன பொருள், எதனால் ஆனது, ஏறக்குறைய எந்தக் காலம், எப்படிப் பாதுகாப்பது என்று சொல்வார்கள்.

கொண்டுவருவதற்கு முன்னால் தயவுசெய்து பளபளப்பாகத் தேய்க்காதீர்கள். பலர் மரியாதைக்காக முதல் நாள் இரவு உட்கார்ந்து தேய்த்துக் கொண்டுவருவார்கள். அந்த அழுக்கிலும் படிந்த நிறத்திலும்தான் பாதித் தகவல் இருக்கும், மனசு கஷ்டப்படும். உடைந்திருந்தால் பசை போடாமல் துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி எடுத்து வாருங்கள். பழைய கடிதத்துக்கும் போட்டோவுக்கும் லேமினேஷன் போடவே கூடாது. போட்டோவின் பின்பக்கம் பெயர் எழுத வேண்டும் என்றால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் வரை இறங்கும்.

பொருளோடு கதையையும் கொண்டுவாருங்கள். யாருடையது, எங்கிருந்து வந்தது, என்ன செய்ய வைத்திருந்தார்கள் என்பது இல்லாமல் ஒரு பூட்டு வெறும் பூட்டுதான். ஒரு பெரியவர் துண்டில் சுற்றிய துருப்பிடித்த பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சாவியும் இல்லை. அவருடைய அப்பா வேலை செய்த தொழிற்கூடம் மூடிய நாளில் வாசலில் கிடந்ததை எடுத்து வந்தாராம். அந்தத் தொழிற்கூடத்தின் ஒரு படம்கூட எங்களிடம் இருக்கவில்லை. அன்று அவர் ஒரு மணி நேரம் பேசினார், அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்துகொண்டோம். பூட்டை அவரே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். எங்களுக்கு அந்தப் பேச்சு போதும்.

அன்பளிப்பாகக் கொடுக்க விரும்பினால் அருங்காட்சியகம் வாங்க மறுக்கவும் கூடும். ஒரே மாதிரிப் பொருள் ஏற்கனவே நிறைய இருக்கலாம், அல்லது பாதுகாக்க வசதி இல்லாமல் இருக்கலாம். மனம் நோகாதீர்கள். அவர்கள் வாங்கிக்கொண்டால் கையெழுத்திட்ட ஆவணம் ஒன்றை இரு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றால் விஷயம் வேறு. எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, உங்கள் நாட்டுச் சட்டப்படி உரிய அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். எந்த ஆழத்தில் எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

விளக்கமெல்லாம் எனக்குச் சரியாகப் புரியாத மொழியில் நடக்கிறதே?

கேளுங்கள். “தமிழில் ஒரு நடை நடத்த முடியுமா?” என்று எட்டுப் பத்துப் பேர் பெயரோடு எழுதிக் கேட்டால் பல அருங்காட்சியகங்கள் யோசிக்கும். தமிழ் தெரிந்த வழிகாட்டி இல்லை என்றால் உங்களில் ஒருவர் தன்னார்வலராகப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். பொருள்களின் பெயரைத் தமிழில் சொல்லிக் கேட்கும்போது வயதானவர்களிடமிருந்து வரும் தகவல் எந்தப் பலகையிலும் இருக்காது.

எங்கள் தெரு மக்கள், எங்கள் குழு சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்த அனுமதிப்பார்களா?

முன்பைவிட இப்போது எளிது. பன்னாட்டு அருங்காட்சியகங்கள் மன்றம் 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் அருங்காட்சியகம் என்பதற்கான வரையறையைத் திருத்தி எழுதியது. சமூகங்களின் பங்கேற்போடு இயங்குவது என்ற சொற்கள் அதில் இடம்பெற்றன. கடிதம் எழுதும்போது அதைக் குறிப்பிடலாம், தவறே இல்லை.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வாஷிங்டனில் உள்ள அனகோஸ்டியா. 1967-ல், அமெரிக்காவில் பல அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் அந்தப் பகுதியில், ஒரு பழைய திரையரங்கில் ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. இயக்குநராக வந்தவர் அந்தப் பகுதியிலேயே சமூகப் பணி செய்துகொண்டிருந்த ஜான் கினார்ட். அங்கே மக்களை வாட்டிய பெரிய தொல்லை எலி. 1969-ல் அதையே கண்காட்சியாக வைத்தார்கள், உயிருள்ள எலிகளோடு. எலி ஏன் பெருகுகிறது, என்ன நோய் பரப்புகிறது, எப்படி ஒழிப்பது என்று காட்டினார்கள். கண்ணாடிப் பேழைக்குள் ராஜாக்களின் வாள் மட்டுமே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அங்கே வாழ்கிறவர்கள் படும் பாட்டையும் ஓர் அருங்காட்சியகம் எடுத்துப் பேசலாம் என்பதை அவர்கள் செய்தே காட்டினார்கள்.

நடைமுறைக்கு வருவோம். நிகழ்ச்சி அட்டவணையைப் பல மாதம் முன்பே முடிவு செய்துவிடுவார்கள். அதனால் அரை வருஷம் முன்னால் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். என்ன நிகழ்ச்சி, அங்கே உள்ள எந்தப் பொருளோடு அதற்குத் தொடர்பு, எத்தனை பேர் வருவார்கள், மேடை, ஒலிபெருக்கி என்ன வேண்டும். பொருளோடு தொடர்பு இருந்தால் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஒலிபெருக்கியின் அதிர்வு, ஈரம், நெருப்பு மூன்றுக்கும் கட்டுப்பாடு உண்டு, விளக்கு ஏற்றித் தொடங்க நினைத்தால் முன்பே கேட்டுவிடுங்கள்.

தூரத்தில் இருக்கிறேன், வர முடியாது. வீட்டிலிருந்தே ஏதாவது?

உண்டு. மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-ல் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் 2020-ல் 28 லட்சம் படங்களைத் திறந்தது. படம் பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை. பழைய நாட்குறிப்புகளையும் களக் குறிப்பேடுகளையும் படித்துத் தட்டச்சு செய்து தரும் பணியில் 2013-லிருந்து ஸ்மித்சோனியன் பொதுமக்களைச் சேர்த்துக்கொள்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுக்கிறார்கள். யாராவது படிப்பார்களா?

படிக்கிறோம். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கையும் இந்தப் படிவங்களையும் வைத்துத்தான் அடுத்த வருஷ நிதி கேட்க வேண்டியிருக்கிறது. “நன்றாக இருந்தது” என்பதைவிட, எது சரியில்லை என்று ஒரு வரி எழுதினால் எங்களுக்கு அதிக உதவி. பின் வரிசையில் கேட்கவில்லை, கழிப்பறை எங்கே என்று தெரியவில்லை, எழுத்து சின்னதாக இருக்கிறது, எதுவானாலும் எழுதுங்கள்.

ஒரு தடவை ஒரு படிவத்தில், “நாடகம் பிடித்திருந்தது. முடிவைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் கடைசிப் பேருந்து ஆறரைக்கு” என்று மட்டும் எழுதியிருந்தது, பெயர்கூட இல்லை. நிகழ்ச்சியை ஐந்தரைக்கு வைத்திருந்தோம். இப்போது நான்கு மணிக்குத் தொடங்குகிறோம், ஆறு மணிக்குள் முடித்துவிடுகிறோம்.